கட்டை விரலும் ஒரு கையெழுத்தும்

நாமக்கல்லிலிருந்து திருச்செங்கோட்டுக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து ஸீட்டில் முப்பது வயதுள்ள ஒருவர். வலது கையில் பெரிய கட்டு. கூடவே அவர் மனைவி. லாரிக்குப் பாடி கட்டும் சிறு பட்டறை ஒன்றில் தகடு வெட்டும் இயந்திரம் அவருடைய கட்டை விரலைக் கொண்டுபோய்விட்டதாம்.

"ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் முதலாளியே பார்த்துக்கிட்டாருங்க. இருபத்தஞ்சாயிரம் தர்றேன், இந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போடுன்னு சொல்றாரு. நல்ல மனுஷந்தானுங்க. வக்கீலைப் பார்த்தா அவருக்கும் எங்களுக்கும் பகையாயிருமுங்களா?" என்று கேட்டார் அந்த அம்மாள்.

வாசகர்களே, பட்டறையும் விசைத்தறியும் ரிக் லாரியும் நிறைந்த நம் பக்கத்தில் இந்தக் கேள்வி எந்த வீட்டு வாசலிலும் வந்து நிற்கலாம். வக்கீல் வேண்டுமா என்று யோசிப்பதற்கு முன், கணக்கு என்ன என்று பார்த்துவிடுவோம்.

வேலையில் ஏற்படும் காயத்துக்கு நஷ்ட ஈடு தரவேண்டும் என்று 1923-லேயே சட்டம் வந்துவிட்டது. 21-11-2025 முதல் அதன் இடத்தில் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. சாரம் பழையதுதான். முதலாளி மேல் குற்றம் இருந்ததென்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. வேலையின்போது, வேலையின் காரணமாகக் காயம் பட்டது என்றால் போதும். "உன் கவனக்குறைவுதானே?" என்று கேட்டுத் தட்டிக்கழிக்க முடியாது. குடித்துவிட்டு வேலை செய்தது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே கழற்றியது போன்றவை வேறு விஷயம்.

மாதச் சம்பளம் 10,000 ரூபாய், வயது 30 என்று வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் நூற்றுக்கு அறுபது, அதாவது 6,000 ரூபாயை, அந்த வயதுக்குரிய 207.98 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். கட்டை விரல் போனால் உழைக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 நஷ்டம் என்கிறது அட்டவணை. கணக்குப் போட்டால் வருவது 3,74,364 ரூபாய். இருபத்தையாயிரம் எங்கே, இது எங்கே! கணக்கைச் சொன்னதும் அந்த அம்மாள் கணவர் முகத்தைப் பார்த்தார். அவர் தம் கைக் கட்டைப் பார்த்துக்கொண்டார்.

சரி, எல்லாரும் வக்கீலைத் தேடி ஓட வேண்டுமா? வேண்டாம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, நீங்கள் ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்தவராக இருந்தால், உதவித் தொகை அந்தக் கார்ப்பொரேஷனிடமிருந்தே வரும். மருத்துவக் குழு ஊனத்தை மதிப்பிடும். முதலாளியிடம் தனியாக நஷ்ட ஈடு கேட்க முடியாது. காயம் ஆறிவிட்டது, வேலைக்கும் திரும்பியாகிவிட்டது, சிகிச்சைச் செலவும் இடைக்காலப் பணமும் வந்துவிட்டன என்றாலும் வக்கீலுக்கு வேலையில்லை. முதலாளியே அட்டவணைப்படி கணக்குப் போட்டு, ஒப்பந்தத்தை உரிய அதிகாரியிடம் பதிவு செய்ய வந்தால், அவரைக் கும்பிட்டுவிட்டுப் போங்கள்.

ஆனால் சில இடங்களில் தனியாகப் போகக் கூடாது.

"இவன் என்னிடம் வேலையே செய்யவில்லை" என்று முதலாளி சொல்லிவிட்டால் சட்டம் தெரிந்தவர் துணை அவசியம். உயிரே போய்விட்ட குடும்பத்துக்கும் அப்படியே. அந்தத் தொகையை முதலாளி அதிகாரியிடம்தான் கட்டவேண்டும். வீட்டில் கொடுத்துவிட்டேன் என்று சொல்வது செல்லாது.

லாரி டிரைவருக்கு இரண்டு வாசல் உண்டு. ஒன்று இந்தச் சட்டம். மற்றொன்று மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம். ஏதாவது ஒன்றில்தான் நுழையலாம். எதில் நுழைவது என்பதை யோசனை கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் சத்தீஸ்கர் வரை போய் அடிபட்டு வருகிறவர்கள் உண்டு. அங்கே போய்த்தான் வழக்காட வேண்டுமோ என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். வேண்டியதில்லை. நீங்கள் குடியிருக்கும் பகுதியிலேயே மனுக் கொடுக்கலாம்.

ஊனம் எவ்வளவு என்ற தகராறுதான் மிகப் பெரியது. ஒடிஸாவில் 1968-இல் ஒரு தச்சர் சினிமாக் கொட்டகையில் வேலை செய்யும்போது விழுந்து இடது கையை இழந்தார். இது பகுதி ஊனம்தான் என்று முதலாளி சுப்ரீம் கோர்ட் வரை வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சு வேலை நடக்காது, ஆகவே நஷ்டம் நூற்றுக்கு நூறுதான் என்று 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. கிடைத்த தொகை 9,800 ரூபாய். போனது எத்தனை அங்குலம் என்பதோடு, அந்த மனிதனுடைய தொழில் என்ன என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அன்று உறுதியாயிற்று. இதை எடுத்துச் சொல்லத்தான் தெரிந்தவர் ஒருவர் வேண்டும்.

"வக்கீலுக்குப் பணம்?" என்கிறீர்களா? தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். பதிவு பெற்ற தொழிற்சங்கத்தின் நிர்வாகியும் உங்களுக்காகப் பேசலாம். வருகிற பணத்தில் பங்கு கேட்கும் வக்கீலாயிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அது அவர்களுடைய தொழில் விதிக்கே விரோதம்.

இன்னும் இரண்டு விஷயம். விபத்து நடந்ததை உடனே எழுத்தில் தெரிவியுங்கள். மனுவை இரண்டு ஆண்டுக்குள் கொடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளம் வந்த பாங்குக் கணக்கு, கூட வேலை செய்தவர்களின் பெயர், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள்.

பகையைப் பற்றி அந்த அம்மாளிடம் சொன்னேன்: "முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். எடுத்திருந்தால் பணம் கம்பெனியிலிருந்து வரும், அவருக்கும் நோவில்லை. உரிமையை விட்டுக்கொடுத்ததாக எழுதி வாங்குவது சட்டப்படி செல்லாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு அதை உடைக்க அலைவதைவிட, போடாமல் இருப்பது நல்லது."

திருச்செங்கோடு வந்தது. இறங்கும்போது அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

"நீயே வெச்சுக்க. கேட்டுப்போட்டு அப்புறம் பார்க்கலாம்" என்றார்.