இல்லம் பேணுவோம்: வெயிலைக் கூரையிலேயே தடுப்போம்

ராஜஸ்தானத்துப் பாலைநிலத்தில் வாழும் நம் குடும்பத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். அங்குள்ள பலோடியில் 2016 மே 19 அன்று வெப்பம் 51 டிகிரி செல்சியஸை எட்டியது. அத்தகைய வெயிலைப் பகலெல்லாம் உள்வாங்கும் கான்கிரீட் தளம், இரவில் அதனை அறைக்குள் சொரிகிறது. மின்விசிறி அவ்வனலையே சுழற்ற, குழந்தைகளும் முதியோரும் உறக்கமின்றி வாடுகின்றனர்.

ஆகவே, குளிர்சாதனம் வாங்குமுன் மொட்டைமாடியைக் கவனியுங்கள். வாடகை வீடாயின் உரிமையாளரின் இசைவு பெற்று, கோடைக்கு முன்னரே தளத்தைக் கழுவி, இருமுறை வெள்ளைச் சுண்ணாம்பு பூசுங்கள். வெண்மை வெயிலைத் திருப்பியனுப்பும். புழுதி படிந்தால் வெண்மை மங்கும், அடிக்கடி பெருக்குங்கள். மழையில் கரையுமாதலால் ஆண்டுதோறும் புதுப்பியுங்கள். சொந்த வீட்டினர் தளத்தின்மேல் வெப்பத்தடுப்புப் பலகை பரப்பி, வெண்ணிற ஓடு பதிப்பின் நெடுநாள் பயன் பெறுவர். செலவு சிறிதாயினும், சுண்ணாம்பு தரும் நல்லுறக்கம் பெரிது.