உறுதி கையில், காணி வேலிக்குள்

வெளிநாட்டுப் பிரஜையாகிவிட்ட என் தம்பி மன்னாரில் காணி வாங்கலாமா? வெளிநாட்டுப் பங்காளியைச் சேர்த்துக் கம்பெனி தொடங்கினால் கரையோரத்தில் இடம் எடுக்கலாமா? வியாபார நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை.

இதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. 2013 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து நடைமுறைக்கு வரும்படி 2014 இல் நிறைவேறிய 38 ஆம் இலக்கச் சட்டப்படி, வெளிநாட்டவருக்கோ, வெளிநாட்டார் பங்கு 50 வீதமோ அதற்கு மேலோ உள்ள கம்பெனிக்கோ காணியை விற்க முடியாது. 99 வருடம் வரை குத்தகைக்குக் கொடுக்கலாம். இரட்டைப் பிரஜாவுரிமை உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசுரிமையாக வரும் காணிக்கும் விலக்கு உண்டு.

ஆனால் நம் பகுதியில் காணி வியாபாரத்தை முடக்கியது இந்தச் சட்டமல்ல, முகாம் வேலி.

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் விரட்டப்பட்ட சிலாவத்துறை முஸ்லிம்கள், யுத்தம் முடிந்து 2009 க்குப் பின் திரும்பியபோது, ஊர்க் காணிகளில் கடற்படை முகாம் இருந்தது. 2019 இல் அவர்கள் வீதியோரத்தில் தொடர்ந்து அமர்ந்து காணியைக் கேட்டார்கள். பக்கத்திலுள்ள முள்ளிக்குளம் கத்தோலிக்க மக்களின் கதையும் இதுதான். அவர்களின் போராட்டத்துக்குப் பின் 2017 ஏப்ரலில் 100 ஏக்கரை விடுவிப்பதாகக் கடற்படை அறிவித்தது. வாங்கத் தடைசெய்யப்பட்ட வெளிநாட்டவர் அல்லர் இவர்கள். உறுதி வைத்திருந்த உள்ளூர் மக்கள்.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலம் 2023 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சீனா, ஈரான், சிரியா உட்பட ஏழு நாடுகளைச் சேர்ந்தோர் இராணுவத் தளங்களிலிருந்து 10 மைலுக்குள் சொத்து வாங்குவதை அது கட்டுப்படுத்துகிறது. பாரபட்சமான சட்டம் என்று அங்கேயே எதிர்ப்பு உண்டு. அந்த எதிர்ப்பில் நியாயமும் உண்டு. ஆனாலும் தூரம் எழுத்தில் இருக்கிறது. முன்னரே வாங்கியவர் பதிவு செய்துகொண்டு வைத்திருக்கலாம். அந்நியனுக்கு அங்கே கிடைத்த அந்த எழுத்துகூட சொந்த ஊர்க்காரனுக்கு இங்கே கிடைக்கவில்லையே!

பாதுகாப்புக்குக் காணி தேவையென்றால் அரசிடம் 1950 ஆம் ஆண்டின் காணி சுவீகரிப்புச் சட்டம் இருக்கிறது. அறிவித்தல் ஒட்ட வேண்டும், ஆட்சேபனை கேட்க வேண்டும், நட்டஈடு கொடுக்க வேண்டும். வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கருக்கு 2013 இல் அப்படி அறிவித்தல் ஒட்டியதால்தான் மக்கள் நீதிமன்றம் போக முடிந்தது. அறிவித்தலே இல்லாத இடத்தில் எதை எதிர்த்து வழக்குப் போடுவது?

வியாபாரிக்கு இதில் நேரடி நட்டம் உண்டு. வேலிக்குள் இருக்கும் காணியை எந்த வங்கி ஈடாக எடுக்கும்? எந்த முதலீட்டாளர் குத்தகைக்குக் கேட்பார்? முகாமை ஒட்டிய காணிக்கும் வாங்குபவர் தயங்குவார்.

ஆகவே என் கருத்து இதுதான்: சுவீகரித்தால் வர்த்தமானியில் போட்டு எல்லையைக் காட்டி நட்டஈடு கொடுங்கள், இல்லையேல் விடுவியுங்கள். இதை நம் வர்த்தக சங்கங்கள் ஒரே குரலில் கேட்க வேண்டும். முள்ளிக்குளத்து மக்களையும் சேர்த்துக்கொண்டு கேட்டால் குரல் இன்னும் பலமாகும்.

அதுவரை, முகாம் பக்கத்தில் காணி வாங்குவோர் காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்யுங்கள். பிரதேச செயலகத்தில் சுவீகரிப்பு அறிவித்தல் உண்டா என்று கேளுங்கள். அனுமதி பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளவுங்கள். வெளிநாட்டுப் பிரஜையான உறவினருக்காக வேறொருவர் பெயரில் எழுதாதீர்கள். முதலில் இரட்டைப் பிரஜாவுரிமையை எடுக்கச் சொல்லுங்கள். பழைய உறுதியையும் வரிப் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள். வேலி அகலும் நாளில் அவைதான் பேசும்.