விரல் மரத்தால் இனிப்புநீர் ஒன்றுதான் காரணமா?

சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் கை மரத்துப்போகிறது என்று ஒருவர் சொன்னால், ‘இனிப்புநீரா இருக்கும், டெஸ்ட் பண்ணிப் பாருங்க’ என்பதே முதலில் வரும் பதில். அதில் தவறில்லை, நம்மவரிடையே அந்த நோய் அவ்வளவு பரவியிருக்கிறது. ஆனால் சர்க்கரை அளவு சரியாக இருந்துவிட்டால் பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. ‘என்ன வேலை செய்கிறீர்கள், கையில் என்ன மிஷின் பிடிக்கிறீர்கள்?’ என்று அடுத்து கேட்டாக வேண்டும்.

குளிர் பட்டாலோ மனம் பதறினாலோ விரல்களின் சிறு ரத்தக் குழாய்கள் சிலருக்கு அளவுமீறிச் சுருங்கிவிடும். விரல் சில்லிட்டு வெளுக்கும், நீலம் பாயும், ரத்தம் திரும்பும்போது சிவந்து எரியும். 1862இல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மொரீஸ் ரேனோவின் பெயரே நோய்க்கும் நிலைத்துவிட்டது. இளம் பெண்கள் பலருக்கு இது தொல்லையே தவிர ஆபத்தில்லை. ஆனால் முப்பதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்கினால், ஒரு கையில் மட்டும் வந்தால், விரல் நுனியில் புண் கண்டால் சும்மா விடக்கூடாது. ஸ்கிளிரோடெர்மா, லூபஸ் போன்ற நோயோ, புகைப்பழக்கத்தால் வரும் ரத்தக்குழாய் அடைப்போ, அதிரும் இயந்திரமோ காரணமாக இருக்கலாம். இயந்திரம் விரலை வெளுக்கச் செய்யும் என்பதை அமெரிக்காவின் பெட்ஃபோர்டு நகரில் கல் வெட்டும் தொழிலாளரிடம் ஆலிஸ் ஹாமில்டன் 1918இலேயே பதிவு செய்துவிட்டார்.

‘இந்த வெயிலில் விரல் வெளுக்குமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மலேசியா உள்ளிட்ட வெப்ப நாடுகளில் அதிரும் இயந்திரம் பிடிப்போரிடம் நடந்த ஆய்வுகளில் வெளுத்த விரல் குறைவாகவே தென்பட்டது. மரப்பும் கூச்சமுமே மிகுதி. ஆனால் இது கைக்குச் சேதமில்லை என்பதற்கான சான்றாகாது, அதிர்வு நரம்பையும் கெடுக்கும். விரல் வெளுக்கட்டும் என்று காத்திருந்தால் நம் ஊரில் நோய் கண்ணில் படாமலே போகும். கறுத்த தோலில் வெளுப்பு எளிதில் தெரியாது என்பது வேறு. நகத்தடியையும் உள்ளங்கைப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கிளினிக் போய்ச் சேர்வதற்குள் நிறம் மாறிவிடும் என்பதால் அந்த நேரத்திலேயே கைப்பேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது.

தமிழர்கள்தான் தோட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார்களே என்பார்கள். 1917இல் செம்பனை வணிகப் பயிராக வேரூன்றிய தென்னமரம் தோட்டத்தின் சுற்றுவட்டாரத்தில் இன்று அதிரும் புல்வெட்டும் மிஷினைத் தோளில் மாட்டுவோரில் வெளிநாட்டவர் நிறைய பேர், உண்மைதான். சாலையோரம் குத்தகைக்குப் புல் வெட்டும் நம்மவர்களும் இருக்கிறார்கள். யார் கையானாலும் அதிர்வு அதிர்வுதான். அதிர்வால் வரும் நோய் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளரும் சொக்சோ வேலைக் காயத் திட்டத்துக்குள் வந்துவிட்டனர். ஆனால் நோயாளியின் அட்டையில் அவர் பிடிக்கும் மிஷினின் பெயர் இல்லையென்றால் இழப்பீடு கேட்பது கடினமாகலாம். கிளினிக்கில் கேட்காவிட்டாலும் ‘நான் புல்வெட்டும் மிஷின் பிடிக்கிறவன், இத்தனை வருஷமாக’ என்று நீங்களே சொல்லி, அதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.