நாலு வருசப் பட்டாளம், நடுத்தெருவில் குடும்பம்

ராணுவத்தில் சாதி இல்லை என்கிறார்கள். ராணுவம் ஒரே குடும்பம் என்கிறார்கள. கேட்க நல்லாத்தான் இருக்கு. குடும்பம் என்றால் பெரியவர் யார், எடுபிடி யார், சொத்தில் பங்கு யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வருமே? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் தேசபக்தி என்ற போர்வையை எடுத்து மூடிவிடுகிறார்கள். அந்தப் போர்வையைக் கொஞ்சம் விலக்கிப் பார்ப்போம்.

சேரியிலிருந்து பட்டாளத்துக்குப் போனவன் எதற்குப் போனான்? சோற்றுக்கும் சம்பளத்துக்கும் போனான். ஊருக்குள் நிமிர்ந்து நடக்கப் போனான். மாதம் பிறந்தால் பணம், பெண்டாட்டி பிள்ளைக்கு மருத்துவம், படிக்கப் பள்ளிக்கூடம், வயசானால் பென்சன், செத்தால் பெண்டாட்டிக்குப் பென்சன். பண்ணைக்காரன் கையை எதிர்பார்க்காமல் உயிர் வாழ இவ்வளவு போதும். நிலமில்லாத சாதிக்குப் பென்சன்தான் நிலம். அதனால்தான் பாளையத்தைச் சுற்றி வாழும் குடும்பங்களுக்குக் கிடைக்கும் வசதிகளைப் பற்றி நாம் பேச வேண்டியிருக்கிறது. கேண்டீன் சாராயம் மலிவா கிடைக்குது என்று பேசுவது ஊர்க்காரன் பேச்சு. நமக்கு இது வயிற்றுப் பிரச்சினை.

வரலாறு என்ன சொல்கிறது? அம்பேத்கர் 1891இல் பிறந்தது மாவ் என்ற ராணுவக் கண்டோன்மெண்டில். தாத்தா மாலோஜி பட்டாளக்காரர். அப்பா ராம்ஜி சுபேதார். ராணுவப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர். கம்பெனிப் பட்டாளத்தில் சிப்பாய்களுக்கும் அவர்களுடைய ஆண், பெண் பிள்ளைகளுக்கும் கட்டாயக் கல்வி இருந்ததை அம்பேத்கரே எழுதியிருக்கிறார். துரைமார் மனசு இளகிக் கொடுத்த தர்மம் அல்ல இது. எழுதப் படிக்கத் தெரிந்த சிப்பாய் அவர்களுக்குத் தேவைப்பட்டான். ஆனால் உத்தரவில் எழுதியிருந்ததால் மகர் வீட்டுப் பெண்ணும் படித்தாள். தயவாகக் கொடுத்திருந்தால் அவள் முறை வந்திருக்காது. இந்த வித்தியாசத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு என்ன ஆச்சு? 'போர்க்குலம்' என்று ஒரு தத்துவத்தைக் கொண்டு வந்தார்கள். யார் வீரன், யார் வீரன் இல்லை என்பதைப் பிறப்பை வைத்து எழுதினார்கள். வெள்ளைக்காரன் எழுதிய மனுதர்மம் அது. 1890களில் மகர்களுக்குப் பட்டாளத்துக் கதவு சாத்தப்பட்டது. கோபால் பாபா வலங்கர் 1894இல் மனு எழுதிப் போராடினார். தென்னாட்டுச் சிப்பாய்க்கும் இதே கதிதான். மதராஸ் பயனியர்ஸ் படை 1933இல் கலைக்கப்பட்டது. உலகப்போர் வந்ததும் வீரம் திரும்ப வந்துவிட்டது! 1941இல் மகர் ரெஜிமெண்ட். 1943இல் சமார் ரெஜிமெண்ட். சண்டை முடிந்ததும் 1946இல் அதையும் கலைத்தார்கள். சண்டை வந்தால் வா என்பான், சண்டை முடிந்தால் போ என்பான். வேலை போனது சிப்பாய்க்கு மட்டுமா? குடும்பத்துக்குப் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் பென்சனும் சேர்ந்தே போயின.

இப்போது அதே கதையைச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள். 2022 ஜூன் 14இல் வந்த அக்னிபத் திட்டம் அதுதான். பதினேழரை வயதுப் பையனைக் கூப்பிட்டு நாலு வருசம் வேலை வாங்குவார்கள். நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை வைத்துக்கொண்டு மீதிப் பேரை வீட்டுக்கு அனுப்புவார்கள். அனுப்பப்படுகிறவனுக்குப் பென்சன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரர் என்ற பெயர்கூட இல்லை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம் இல்லை. கேண்டீன் கார்டு இல்லை. இது 2022இல் அரசே அறிவித்த விதி. முதல் தொகுதிப் பையன்கள் 2022 கடைசியில் சேர்ந்தவர்கள். 2026 கடைசியோடு அவர்கள் கெடு முடிகிறது.

"கையில 11 லட்சத்து 71 ஆயிரம் தர்றாங்களே, அது போதாதா?" என்று கேட்கிறார்கள். கணக்கைப் பார்ப்போம். அந்தத் தொகையில் சுமார் 5 லட்சம் அந்தப் பையனுடைய சம்பளத்தில் மாதாமாதம் நூற்றுக்கு முப்பது பிடித்த பணம். அரசு அதே அளவு போடுகிறது. மீதி வட்டி. அவன் காசையே அவனிடம் நீட்டிவிட்டு வள்ளல் வேசம் போடுகிறார்கள். வழக்கமான சிப்பாய் பதினைந்து வருசம் போட்டால் சாகும்வரை பென்சன். அவன் போன பிறகு மனைவிக்குப் பென்சன். அதற்குப் பக்கத்தில் இந்த லட்சங்களை வைத்துப் பாருங்கள். தங்கச்சி கல்யாணத்துக்கும் அப்பா கடனுக்கும் அது பறந்துபோகும். இருபத்தைந்து வயசுக்குள் அவன் மறுபடியும் கூலிக்காரன்.

"செத்தால் ஒரு கோடி வருதே" என்று இன்னொரு குரல். இன்சூரன்ஸ் 48 லட்சம், பணியில் நேர்ந்த மரணம் என்றால் கருணைத்தொகை 44 லட்சம் என்று அறிவித்தார்கள். உண்மைதான். ஆனால் பக்கத்தில் நின்று அதே குண்டில் செத்த வழக்கமான சிப்பாயின் வீட்டுக்குத் தொகையும் உண்டு, குடும்பப் பென்சனும் உண்டு. இவன் வீட்டுக்குப் பென்சன் கிடையாது. குண்டுக்குத் தெரியாத வித்தியாசம் அரசாங்கத்துக்குத் தெரிகிறது. பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே இரு குடும்பங்களுக்கும் ஒரே சலுகை வேண்டும் என்று 2024இல் பரிந்துரை செய்தது. உறுப்பு போனால்? ஊனத்தின் அளவைப் பார்த்து 44, 25, 15 லட்சம் என்று ஒரே ஒரு தடவை கொடுத்துக் கணக்கு முடிப்பார்கள். கால் போனது ஒரே தடவைக்கா போகும்?

உரிமையைப் பிடுங்கிக்கொண்ட இடத்தில் எதை வைக்கிறார்கள்? நலச் சங்கம், கொடிநாள் உண்டியல், தையல் மெசின். ராணுவ மனைவியர் நலச் சங்கம் 1966இலிருந்து இருக்கிறது. அதன் தலைவி யார்? தலைமைத் தளபதியின் மனைவி. தேர்தலில் ஜெயித்தா வந்தார்? புருசன் பதவி அவர் கழுத்தில் தாலியோடு சேர்ந்து வந்தது. கீழே யூனிட் வரைக்கும் இதே ஏணிதான். அதிகாரி மனைவி மேம்சாப். ஜவான் மனைவி கைதட்டுகிறவள். பிறப்பால் வந்தால் சாதி; புருசனால் வந்தால் அதற்கு என்ன பெயர்? அங்கே நல்ல மனசுக்காரப் பெண்களும் இருக்கலாம். நம் குற்றச்சாட்டு அவர்கள் மனசின் மேல் இல்லை. ஜவான் பெண்டாட்டி தன் குறையைச் சொல்ல, தன் புருசனின் மேலதிகாரி வீட்டம்மா முன்னால் போய் நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டின் மேல்தான். எவள் வாயைத் திறப்பாள்?

புருசன்மார் ஏணியும் அப்படித்தான். அதிகாரி வீட்டில் ஏவல் செய்யும் சகாயக் முறையை ஒழிக்கச் சொல்லி நாடாளுமன்ற நிலைக்குழு 2008இல் சொன்னது. எட்டாவது படித்த அக்னிவீரனுக்கு வைத்திருக்கும் வேலை எது தெரியுமா? ஹவுஸ் கீப்பர், மெஸ் கீப்பர். துடைப்பத்துக்கு இங்கிலீசுப் பெயர் வைத்தால் துடைப்பம் துப்பாக்கியாகிவிடுமா?

பாளையத்துக்கு வெளியே என்ன நிலைமை? எல்லாருக்கும் குவார்ட்டர்ஸ் கிடைப்பதில்லை. புருசன் எல்லையில் நிற்க, அவள் பிள்ளைகளோடு ஊருக்குள் வாடகை வீடு தேட வேண்டும். வீட்டுக்காரன் ரேங்கைக் கேட்கமாட்டான், "நீங்க என்ன ஆளுங்க?" என்றுதான் கேட்பான். செத்தாலும் விடுவதில்லை. 2016இல் பாம்பூர் தாக்குதலில் இறந்த ஒரு சி.ஆர்.பி.எஃப். வீரரின் உடலை எரிக்கப் பொது நிலம் தரக்கூடாது என்று உத்தரப் பிரதேசத்தில் அவருடைய சொந்த ஊர் ஆதிக்க சாதிக்காரர்கள் மறித்தார்கள். அதிகாரிகள் போய்ப் பேசிய பிறகே கொஞ்சம் இடம் கிடைத்தது. மூவர்ணக் கொடி போர்த்திய பெட்டிக்குள்ளும் சாதி தெரிகிறது அவர்களுக்கு.

ஆகவே நாம் கேட்பது சலுகை அல்ல. நாலு வருசம் போட்டவனும் முன்னாள் படைவீரன்தான் என்று எழுது. அவன் குடும்பத்துக்கு மருத்துவம் கொடு. செத்தவன் வீட்டுக்கும் உறுப்பு இழந்தவனுக்கும் பென்சன் கொடு. குடும்ப நலக் குழுக்களை ஜவான்களின் மனைவிமார் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களில் உதவி பெற்றவர்களில் தலித் குடும்பங்கள் எத்தனை என்று வருசா வருசம் பலகையில் எழுதிப் போடு. கண்டோன்மெண்டில் குப்பை அள்ளும் ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அதே பள்ளிக்கூடத்தைத் திறந்து விடு. அவளும் பாளையத்தைத் தாங்குகிறவள்தான்.

தோழர்களே, உங்கள் தெருவில் அக்னிவீரனாகப் போன பையன் இருப்பான். அவன் வீட்டுக்குப் போங்கள். விதியை அவன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போட்டபோது அந்தத் தாய்க்கு யாரும் படித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். திரும்பி வருகிற பையன்களை ஒன்று சேருங்கள். தனித்தனியாகப் போய் நின்றால் தையல் மெசின் கொடுப்பார்கள். சேர்ந்து போய் நின்றால்தான் பென்சன் கிடைக்கும்.