மே மாதம் மட்டும் விளையாடினால் போதுமா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

ஐ.பி.எல். தொடங்கிவிட்டது. எங்கள் நெய்வேலியில் எந்த வட்டத்துக்குப் போனாலும் மஞ்சள் சட்டைதான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். 2023 இறுதிப் போட்டியில் கடைசி இரண்டு பந்தில் பத்து ரன் வேண்டியிருந்தது. ஜடேஜா ஒரு சிக்ஸ், ஒரு ஃபோர் அடித்து முடித்தபோது நள்ளிரவு ஒன்றரை மணி தாண்டியிருந்தது. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள். நான் தனியாக உட்கார்ந்து கை தட்டினேன். அதனால் இந்த டீச்சருக்கு கிரிக்கெட் என்றாலே ஆகாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

என் கோபம் வேறு. சீசனுக்கு ரசிகர்களாக நாம் நன்றாகவே தயாராகிறோம். ரீசார்ஜ், சட்டை, மேட்ச் அட்டவணை, எல்லாம் முன்கூட்டியே ரெடி. விளையாடப்போகிற பிள்ளையை எப்படித் தயார் செய்கிறோம்? முழு ஆண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் ஒரு கிட் வாங்கி, பணம் கட்டி, சம்மர் கேம்ப்பில் இறக்கிவிட்டு வருகிறோம். பத்து மாதம் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்த உடம்பு அது.

போன வருஷம் மே மாதம் ஒரு மாலை, தெரிந்த வீட்டுப் பையன் பந்து போடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். பன்னிரண்டு வயது. வேகப்பந்து. எந்த கேம்ப் என்று சொல்லப்போவதில்லை. சண்டை அவர்களோடு அல்ல. கணக்கு டீச்சர் இல்லையா, பழக்க தோஷத்தில் எண்ணினேன். 112 பந்து. காலையிலும் போட்டானாம். மூன்றாவது வாரம் இடுப்பு வலி. டாக்டர் மூன்று மாதம் பந்தைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

இங்கிலாந்து கிரிக்கெட் வாரியத்தின் வழிகாட்டுதலில், பதின்மூன்று வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லுக்கு 5 ஓவர், ஒரு நாளைக்கு மொத்தம் 10 ஓவர்தான். அதாவது 60 பந்து. அமெரிக்காவில் பேஸ்பால் சின்னப் பிள்ளைகளின் உயிர். அங்கே லிட்டில் லீக் போட்டிகளில் 2007 முதல் எத்தனை பந்து எறிந்தான் என்று எண்ணுவது கட்டாயம். 11, 12 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாள் உச்சவரம்பு 85. அன்றைக்கு 66 அல்லது அதற்கு மேல் எறிந்துவிட்டால் அடுத்த நான்கு நாள் ஓய்வு. இத்தனைக்கும் அங்கே மே மாதம் நம் கத்திரி வெயில் கிடையாது.

ஏன் இந்தக் கணக்கு? அந்த வயதில் எலும்பு இன்னும் முற்றவில்லை. வேகமாக வீசும்போது முதுகின் அடிப்பகுதி ஒரே பக்கம் வளைந்து முறுக்குகிறது. திரும்பத் திரும்ப அந்தச் சுமை விழுந்தால் மயிரிழை போல் விரிசல் விடும். முழுதாக வளர்ந்த பும்ராவுக்கே 2019இல் முதுகெலும்பில் அந்த விரிசல் வந்தது. 2023இல் முதுகு அறுவை சிகிச்சை செய்து, அந்த ஐ.பி.எல். முழுவதும் அவர் ஆடவில்லை. நம் வீட்டுப் பிள்ளையின் முதுகு எம்மாத்திரம்?

சரி, கேம்ப்பை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்க முடியாது. அந்தப் பையனின் அப்பா என் பழைய மாணவர். "டீச்சர், பள்ளிக்கூடத்துல விளையாட எங்க விடறாங்க? எங்க காலத்துலயே பி.டி. பீரியட் எல்லாம் நீங்கதானே எடுத்துக்கிட்டீங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. உண்மை. போர்ஷன் முடியவில்லை என்று சொல்லி எத்தனை பி.டி. பீரியடை நான் வாங்கியிருப்பேன்! பி.டி. சாரும் மறுப்புச் சொல்லாமல் கொடுப்பார். பிள்ளைகள் ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டே பின்னக் கணக்குப் போட்டார்கள். அதற்கு நல்லாசிரியர் என்ற பெயர் வேறு.

இப்போது அந்தத் திருட்டுக்கு ஒரு கணக்குப் போடுகிறேன். வாரத்துக்கு இரண்டு பீரியட், பீரியடுக்கு 40 நிமிடம், வருஷத்துக்கு 40 வாரம். மொத்தம் 3,200 நிமிடம். ஐம்பத்து மூன்று மணி நேரத்துக்கு மேல். கேம்ப் எவ்வளவு? ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், 25 நாள். 50 மணி நேரம். பார்த்தீர்களா? வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டியதை இலவசமாக இருந்தபோது நாம் பிடுங்கிக்கொண்டோம். பிறகு அதையே காசு கொடுத்து வாங்கி, கொளுத்துகிற மே மாதத்தில் ஒரே மூச்சில் திணிக்கிறோம். பத்து மாதம் பட்டினி போட்டுவிட்டு ஒரே நாளில் விருந்து வைத்தால் வயிறு தாங்குமா?

"கேம்ப் போனால்தான் டீச்சர் பெரிய ஆளாக வரலாம்" என்பார்கள். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி நடராஜன் எந்த கேம்ப்பில் வளர்ந்தார்? ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடி வந்தவர். ஸ்டிச் பால் கைக்கு வந்ததே இருபது வயதை ஒட்டித்தான். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியாவுக்காக இறங்கி, அந்த ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகைப் போட்டியிலும் ஆடிவிட்டார். கேம்ப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல கோச் கிடைத்தால் பாக்கியம். ஆனால் கேம்ப் என்பது குழம்புக்குத் தாளிப்பு மாதிரி. குழம்பே இல்லாமல் தாளித்து என்ன பயன்?

நம் டவுன்ஷிப்பில் மைதானத்துக்கும் மர நிழலுக்கும் பஞ்சமா? சென்னையில் இருப்பவர்கள் ஏங்குகிற இடம் இது. சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்த மைதானங்களைப் பாருங்கள். நம் பிள்ளைகள் அந்த நேரத்தில் டியூஷனில் இருக்கிறார்கள்.

பெற்றோரே, இந்தக் கோடையில் கேம்ப்பில் சேர்ப்பதானால், தினம் எத்தனை பந்து போட்டான் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் வாரம் பாதி போதும். வாரத்தில் இரண்டு நாளாவது பந்து வீசாமல் இருக்கட்டும். வலிக்கிறது என்றால் "ஆம்பளப் பையன் தாங்கிக்கோ" என்று சொல்லாதீர்கள். நிறுத்துங்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள்.

இன்று பணியில் இருக்கும் ஆசிரியர்களே, உங்களை அதட்ட எனக்கு அருகதை இல்லை. கெஞ்சித்தான் கேட்கிறேன். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் அந்த இரண்டு பீரியடைத் தொடாதீர்கள். போர்ஷனை எப்படியாவது முடித்துவிடலாம். நான் எடுத்துக்கொண்ட பீரியடுகளை இனி யாரிடம் போய்த் திருப்பிக் கொடுப்பேன்?