ஓபன் டேக்கு போறீங்களா? முந்தின நாளே பஸ் ஏறுங்க!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தாலும் வந்துச்சு, தெருவுக்கு நாலு கல்வி ஆலோசகர் முளைச்சுட்டாங்க. "போன வருஷ கட்-ஆஃப் லிஸ்ட் இருக்கு. அதைப் பார்த்து வரிசையா சாய்ஸ் போட்டுட்டு தூங்கு. காலேஜை நேர்ல போய் வேற பார்க்கணுமாக்கும்?" இது எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல பெரியப்பா பையன் போட்டது. நம்ம பதிவுலக நண்பர்கள் சிலர் எழுதுற கவுன்சிலிங் டிப்ஸும் கிட்டத்தட்ட இதே ரகம்தான். மன்னிக்கணும் மக்களே, இதுல எனக்கு துளிகூட உடன்பாடு இல்லை. ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், டீ குடிச்சுட்டு வந்துடுங்க :-)

முதல்ல சொந்தக் கதை, சோகக் கதை. ஜூலை 2015. இஞ்சினியரிங் கவுன்சிலிங் அப்போ நேர்லதான். தமிழ்நாட்டோட எந்த மூலையில இருந்தாலும் கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்தாகணும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினா மாணவருக்கும் கூட வர்ற ஒருத்தருக்கும் அரசு பஸ்ல பாதி டிக்கெட். அருப்புக்கோட்டையில இருந்து அப்பாவும் நானும் கிளம்பினோம். மறுநாள் காலையில முதல் பேட்ச். அதனால முந்தின நாள் மத்தியானமே கோயம்பேட்டுல இறங்கி, பக்கத்துலயே ஒரு லாட்ஜ்ல ரூம் போட்டாச்சு.

அப்பாவுக்கும் எனக்கும் அதுதான் முதல் சென்னை. சாயந்திரம் என்ன செய்யறது? மெரினாவுக்குப் போனோம். சுண்டல் சாப்பிட்டோம். அப்பா வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கால் நனைச்சார். அவர் அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் பல்கலைக்கழக வாசல்ல ஒரே நோட்டீஸ் மழை. ஒவ்வொரு காலேஜும் ஆளு வச்சு கையில திணிக்கிறாங்க. உள்ள போனா பெரிய திரை. காலேஜ் பேரு, கோர்ஸ், மிச்சம் எத்தனை சீட்டுன்னு ஓடுது. நாங்க மனசுல வச்சிருந்த காலேஜ்ல மிச்சம் இருந்த ரெண்டு சீட்டும் கண்ணு முன்னாடியே காலி. அடுத்து என்ன? ஐந்நூறுக்கும் மேல காலேஜ், யோசிக்க சில நிமிஷம். அப்பா ஒரு பேரைக் காட்டி சொன்னார்: "இதை எடுத்துக்கோப்பா. பஸ்ஸுக்குப் பின்னாடி விளம்பரம் பாத்திருக்கேன். பெரிய காலேஜாத்தான் இருக்கும்."

எடுத்தேன். ஐயாயிரம் ரூபா முன்பணம் கட்டியிருந்தோம், ஆர்டர் வந்துச்சு, முடிஞ்சது கதை. அந்தக் காலேஜை நாங்க முதல் முதலா பார்த்தது, பெட்டி படுக்கையோட சேரப் போன அன்னைக்குத்தான். பஸ் விளம்பரத்துல இருந்த கட்டடத்துல முன்பக்கம் மட்டும் இருந்துச்சு, பின்பக்கம் இன்னும் கட்டலை. ரெண்டாவது வருஷம் ஒரே பேப்பருக்கு மூணு வாத்தியார் மாறினாங்க, கடைசியா வந்தவர் போன வருஷம் அதே காலேஜ்ல பாஸ் பண்ணின சீனியர்! நான் புரோகிராமிங் கத்துக்கிட்டது ராத்திரி ரெண்டு மணிக்கு யூட்யூப்ல. இன்னைக்கு வேலையில இருக்கேன்னா அதுக்கு அந்தக் காலேஜ் காரணம் இல்லை. அதுக்காக அப்பா வாங்குன கடனை நான் வேலைக்குப் போய் மூணு வருஷம் கட்டுனேன். அவர் இன்னைக்கும் சொல்லுவார், "நான் அவசரப்பட்டுட்டேன்டா." அவர் மேல தப்பே இல்லை. ஒரு செருப்பு வாங்க நாலு கடை ஏறி இறங்கற மனுஷன் அவர். காலேஜை மட்டும் பேரைப் பார்த்து வாங்க வச்சது யாரு?

2018ல கவுன்சிலிங் ஆன்லைனுக்குப் போச்சு. நல்ல விஷயம்தான், அலைச்சல் மிச்சம். எத்தனை சாய்ஸ் வேணாலும் நிதானமா போடலாம். ஆனா கூடவே ஒரு கெட்ட பழக்கமும் ஒட்டிக்கிச்சு. வீட்டை விட்டே கிளம்ப வேண்டாம்ங்கற நெனப்பு. சீட்டு எடுக்கத்தான் கிளம்ப வேண்டாம், காலேஜைப் பார்க்க கிளம்பித்தான் ஆகணும்! ஆன்லைன்ல மிச்சமான அலைச்சலை அங்கேதானே செலவு பண்ணணும்?

இப்போ சமீபத்திய கதை. சித்தப்பா பொண்ணு இந்த வருஷம் ப்ளஸ் டூ. கோயம்புத்தூர் பக்கம் ஒரு தனியார் காலேஜ் "ஓபன் டே, குடும்பத்தோட வாங்க"ன்னு கூப்பிட்டிருந்தாங்க. சித்தப்பாவுக்கு கடையை விட்டு வர முடியாது. நான் பெங்களூர்ல இருந்து லீவுல வந்திருந்தேன், மாட்டிக்கிட்டேன். சனிக்கிழமை காலையில பத்து மணிக்கு ஓபன் டே. விடிகாலையில கிளம்பினா போதும்னு சித்தி சொன்னாங்க. நான் ஒத்துக்கலை. வெள்ளிக்கிழமையே போகணும்னு அடம் பிடிச்சேன். "பொம்பளப் புள்ளைய கூட்டிக்கிட்டு ராத்திரி லாட்ஜுல தங்கணுமாடா?"ன்னு கேட்டாங்க. "நாலு வருஷம் தனியா ஹாஸ்டல்ல தங்கப் போறா சித்தி, ஒரு ராத்திரி நாம கூட இருந்து பார்த்துட்டு வருவோமே"ன்னேன். அதுக்கு பதில் இல்லை.

மதுரை ஆரப்பாளையத்துல பஸ் ஏறி, சிங்காநல்லூர்ல இறங்கி, காந்திபுரத்துல ரூம் போடும்போது மணி மூணு. எனக்கும் ஊரு புதுசு. சித்தி முதல் வேலையா கிராஸ்கட் ரோட்டைப் பத்தி விசாரிச்சாங்க (ஜவுளின்னா சும்மாவா). "அது அப்புறம், முதல்ல காலேஜ் வரைக்கும் ஒரு நடை போயிட்டு வந்துருவோம்"னு டவுன் பஸ்ல ஏத்திட்டேன். அவங்க ரெண்டு பேருக்கும் மகளிர் இலவசம், எனக்கு மட்டும் டிக்கெட்டு :-(

நோட்டீஸ்ல "நகருக்கு மிக அருகில்"னு போட்டிருந்துச்சு. பஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. இது முதல் பாடம். திரும்பி வர கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு கண்டக்டர்கிட்ட கேட்டோம். ஒன்பது பத்துன்னார், "சில நாள் வராது"ன்னும் சேர்த்துக்கிட்டார். ரெண்டாவது பாடம்.

காலேஜ் வாசல்ல ஒரு டீக்கடை. ஒரு மினி லாரி நின்னு பூந்தொட்டியா இறக்கிக்கிட்டு இருந்தாங்க. அம்பது அறுபது இருக்கும். டீக்கடைக்காரர் அதைப் பார்த்து சிரிச்சார். "தொட்டி வந்துருச்சுன்னா ஏதோ விசேஷம்னு அர்த்தமுங்க. போன மாசம் இன்ஸ்பெக்சனுக்கு வந்துச்சு. இப்ப நாளைக்கு என்னமோ இருக்குதாட்ட. முடிஞ்சதும் திரும்பிப் போயிருமுங்க." வாடகைத் தொட்டி சாமி!

செமஸ்டர் பரீட்சை முடியாததால ஹாஸ்டல்ல பசங்க இருந்தாங்க. ஜெராக்ஸ் கடையில மூணு பொண்ணுங்க நின்னாங்க. நான் போய்ப் பேசினா தப்பா ஆயிடும். தங்கச்சியும் சித்தியும் போனாங்க. கால் மணி நேரத்துல அவ்வளவும் கொட்டிட்டாங்க. ஆறு மணிக்கு கேட் பூட்டு, அஞ்சு நிமிஷம் லேட்டுன்னா ஃபைன். தண்ணி லாரித் தண்ணி, வெயில் காலத்துல அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள். லேப்ல ரெண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். இந்த வருஷம் அவங்க டிபார்ட்மெண்ட்ல மட்டும் நாலு பேர் பாதியில வேலையை விட்டுப் போயிட்டாங்களாம். நல்லதும் சொன்னாங்க. லைப்ரரி நல்லா இருக்கும், ஹெச்.ஓ.டி. மேடம் தங்கமானவங்க, சாப்பாடு பரவாயில்லை. புகார் சொன்ன வாயாலேயே இதையும் சொன்னாங்க பாருங்க, அதனாலதான் அந்தப் பேச்சை நான் நம்பறேன்.

ராத்திரி காந்திபுரத்துல ஒரு மெஸ்ல சாப்பிட்டோம். சித்தி தண்ணியைக் குடிச்சுட்டு, "சிறுவாணித் தண்ணின்னு சொல்லுவாங்களே, நெசமாவே இனிக்குதுடா"ன்னாங்க. உடனே முகம் மாறிடுச்சு. "ஆனா இது இவளுக்குக் கெடைக்காதுல்ல?" கோயம்புத்தூர் நல்ல ஊரு, நல்ல தண்ணி, நல்ல மனுசங்கன்னு கேட்டுத்தான் சித்தப்பா அந்தக் காலேஜை நெனச்சார். ஊரோட நல்ல பேரு வேற, ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கட்டடம் வேற. அது புரிஞ்சது அந்த ஒரு டம்ளர் தண்ணியில.

மறுநாள் ஓபன் டே. ஆஹா ஓஹோ! தொட்டி எல்லாம் வரிசையா நிக்குது. பை, பேனா, தொப்பி. ஒரு ரோபோ வந்து வணக்கம் சொல்லுது. ட்ரோன் பறக்குது. ஏசி லேப்ல ஆளுக்கு ஒரு கம்ப்யூட்டர் (மத்த லேப் எல்லாம் "பராமரிப்பு"). பெரிய பெரிய சம்பளத்தோட நாலு பசங்க போட்டோ, மிச்ச நூத்துக்கணக்கான பசங்களுக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வரி இல்லை. மதியம் ஐஸ்கிரீமோட சாப்பாடு. கடைசியில, "இன்னைக்கே புக் பண்ணினா ஃபீஸ்ல சலுகை"ன்னு ஒரு மேஜை போட்டு ரசீதுப் புத்தகத்தோட உக்காந்திருந்தாங்க.

கேள்வி நேரத்துல தங்கச்சி எழுந்து, "மூணாவது செமஸ்டர்ல டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் யாரு சார் எடுக்கறாங்க? அவங்க இங்க எத்தனை வருஷமா இருக்காங்க?"ன்னு கேட்டா. மேடையில ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்த்தாங்க. "நீ முதல்ல சேரும்மா, எல்லாம் பாத்துக்கலாம்"னு பதில். எல்லாரும் கை தட்டினாங்க. எதுக்குத் தட்டினாங்கன்னு இன்னும் எனக்குப் புரியலை.

இது ஒண்ணும் அதிகப்பிரசங்கித்தனமான கேள்வி இல்லைங்க. ஜூலை 2024 ஞாபகம் இருக்கா? ஒரே ஆசிரியரை பல காலேஜ்கள்ல முழுநேர ஆசிரியரா கணக்குக் காட்டியிருக்காங்கன்னு அறப்போர் இயக்கம் வெளியிட்டுச்சே. அண்ணா பல்கலைக்கழகமும் விசாரிச்சு, அப்படி நடந்திருக்குன்னு ஒத்துக்கிச்சு. காகிதத்துல வாத்தியார் இருப்பார், வகுப்புல இருக்க மாட்டார். அப்போ வெப்சைட்டையும் கட்-ஆஃப் லிஸ்ட்டையும் மட்டும் பார்த்து முடிவு பண்ணுங்கறது எந்த ஊரு நியாயம்? கட்-ஆஃப்ங்கறது என்ன? போன வருஷம் என்னை மாதிரி, எங்கப்பா மாதிரி ஆயிரம் பேர் பார்க்காம எடுத்த முடிவோட கூட்டுத்தொகை. அதை நம்பி இந்த வருஷம் இன்னொரு ஆயிரம் பேர்!

"பிரிட்டன்ல எல்லாம் ஓபன் டே ரொம்ப நல்லா நடத்துறாங்களே"ன்னு கேப்பீங்க. அங்கேயும் விளம்பரம்தான், இல்லைங்கலை. ஆனா அங்கே ஓபன் டேல படிக்கிற பசங்களையே வழிகாட்டியா நிறுத்துவாங்க, ஹாஸ்டல் ரூமைத் திறந்து காட்டுவாங்க. நம்ம ஊர்ல படிக்கிற பசங்க வாயைத் திறந்துடுவாங்களோன்னு அன்னைக்கு அவங்களுக்கு லீவு விட்டுடறாங்க. எங்களுக்கு அந்தப் பொண்ணுங்க மாட்டினது முந்தின நாள் போனதாலதான்.

இன்னொரு கேள்வி வரும், அது நியாயமான கேள்வி. "நீ ஐடி கம்பெனியில சம்பாதிக்கிற, ரூம் போட்டுத் தங்குவ. தினக்கூலிக்குப் போற அப்பா என்ன செய்வார்?" உண்மை. எங்க மூணு பேருக்கு பஸ், ரூம், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் ஆச்சு. எங்கப்பாவால 2015ல அதை ரெண்டாவது தடவை செலவு பண்ணியிருக்க முடியாது. அதனாலதான் ரெண்டு விஷயம் கேக்கறேன்.

ஒண்ணு, அன்னைக்கு சென்னைக்கு வர பாதி டிக்கெட் குடுத்த அரசாங்கம், கவுன்சிலிங்குக்கு பதிவு பண்ணின பசங்களுக்கும் கூட ஒரு ஆளுக்கும் அதே பாதி டிக்கெட்டை காலேஜ் பார்க்கப் போறதுக்கு குடுக்கட்டும். ரெண்டு காலேஜுக்கு குடுத்தா போதும். ரெண்டு, ஓபன் டேங்கறது சனிக்கிழமை திருவிழாவா இருக்கக் கூடாது. பாடம் நடக்கிற சாதாரண நாள்ல, எந்த வகுப்பு வாசல்லயும் நின்னு பார்க்கலாம்னு வரணும். தொட்டி வாடகைக்கு எடுக்காத நாள்ல!

அது வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறது முந்தின நாள் சாயந்திரம்தான். தங்க முடியலைன்னாலும் பரவாயில்லை, ஓபன் டே அன்னைக்கு வாசலுக்குள்ள போறதுக்கு முன்னாடி டீக்கடையில அரை மணி நேரம் உக்காருங்க. கடைசி பஸ் எப்போன்னு கேளுங்க. ஜெராக்ஸ் கடையில நிக்கிற பிள்ளைங்ககிட்ட பேசுங்க. நோட்டீஸ்ல இல்லாதது எல்லாம் அங்கே கிடைக்கும்.

ஊருக்குத் திரும்பற பஸ்ல தங்கச்சி சாய்ஸ் நோட்டை எடுத்து எழுதிக்கிட்டு வந்தா. முதல் இடத்துல இருந்த அந்தக் காலேஜ் பதினொண்ணாவதுக்குப் போயிருந்துச்சு. "மொத்தமா அடிச்சிரலாமே"ன்னேன். "இல்லண்ணே, அந்த ஹெச்.ஓ.டி. மேடம் நல்லவங்கன்னு சொன்னாங்கள்ல. வேற கெடைக்கலைன்னா போவேன். ஆனா தெரிஞ்சு போவேன்"னா.

எங்கப்பாகிட்ட போன்ல இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம், "நாமளும் அன்னைக்கு மெரினாவுக்குப் பதிலா அங்க போயிருக்கலாம்ல"ன்னார். எனக்கு மனசு கேக்கலை. "மெரினாவும் நல்லாத்தானே இருந்துச்சு"ன்னு சொல்லி வச்சேன்.

டிஸ்கி: காலேஜ் பேரு கேட்டு யாரும் வராதீங்க, சொல்ல மாட்டேன். நீங்க போகப் போற காலேஜ் வாசல்லயும் ஒரு டீக்கடை இருக்கும், அங்கே கேளுங்க. மாற்றுக் கருத்து இருக்கிறவங்க பின்னூட்டத்துல தாராளமா சண்டைக்கு வரலாம்.