பார்வை நன்றாக இருக்கும்போதே பாருங்கள்

இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் மேல். நாற்பது வயதைத் தாண்டிய சர்க்கரை நோயாளிகளில் எட்டில் ஒருவருக்கு விழித்திரை ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கிறது என்கிறது நாடு தழுவிய ஓர் ஆய்வு. அவர்களில் பலருக்கு இது தெரியாது என்பதுதான் நம்மை அச்சுறுத்த வேண்டும்.

சர்க்கரையால் வரும் இந்த விழித்திரை நோய் வலிக்காது. தொடக்கத்தில் பார்வையையும் குறைக்காது. விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் முதலில் வீங்கிக் கசியும், பிறகு அடைபடும். அதற்கு ஈடாக முளைக்கும் புதுக் குழாய்களுக்கு வலுவில்லை. அவை உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். காலையில் பேப்பர் படித்தவருக்கு மாலையில் எதிரே நிற்பவர் முகம் தெரியாமல் போகலாம். கண்ணாடிக் கடையில் பவர் பார்த்ததையே கண் பரிசோதனை என்று நம்பியிருப்போர் ஏராளம். அங்கே விழித்திரையை யாரும் பார்ப்பதில்லை.

கைவிரிக்க வேண்டிய நோயும் அல்ல இது. லேசர் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கும் என்பது 1976இலேயே உறுதியாகிவிட்டது. விழித்திரையின் மையத்தில் வரும் வீக்கத்துக்குக் கண்ணுக்குள் போடும் ஊசிகள் வந்துவிட்டன. பார்வை சற்றே குறைந்த நிலையில் விலை மலிவான பெவாசிசுமாப் ஊசியும், விலை கூடிய அஃப்லிபர்செப்ட்டுக்கு ஈடான பலனைத் தருகிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. பார்வை நன்கு குறைந்தவர்களுக்கோ விலை கூடிய மருந்துதான் மேலான பலனைத் தந்தது. தாமதம் ஏழையை இருமுறை தண்டிக்கிறது: பார்வையும் போகிறது, கட்டுப்படியாகாத மருந்தும் தேவைப்படுகிறது.

சர்க்கரை நோயாளிகளை அழைத்து விழித்திரையைப் படமெடுக்கும் திட்டத்தை இங்கிலாந்து 2003இல் தொடங்கியது. அங்கே உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு அரை நூற்றாண்டாக முதல் காரணமாக இருந்த இந்நோய், 2009-10 கணக்கெடுப்பில் அந்த இடத்திலிருந்து இறங்கியது. இதில் அத்திட்டத்துக்கும் பங்குண்டு என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

தமிழ்நாட்டில் 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பாராட்டத்தக்க பணி. அத்திட்டத்தின் பதிவேட்டில் 'விழித்திரையைக் கடைசியாகப் பார்த்த தேதி' என்றொரு கட்டம் இருக்கட்டும். ஓராண்டு தாண்டியவரின் பெயர் அடுத்த கண் முகாம் பட்டியலில் தானாகவே ஏறட்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு, பெரும்பாலோருக்குச் சொட்டு மருந்து விடாமலேயே படமெடுக்கும் கேமராக்கள் வேண்டும். சொட்டு மருந்தால் பார்வை மங்கி ஒருநாள் கூலியை இழக்க அஞ்சியே பலர் பரிசோதனைக்கு வராமலிருக்கிறார்கள். பாதிப்பு தெரிந்தவரிடம் பரிந்துரைச் சீட்டைக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், லேசரோ ஊசியோ போட்டு முடியும்வரை அவரைத் தொடர்வதும் சுகாதாரத் துறையின் பொறுப்பாக வேண்டும்.